இந்திய அணித் தேர்வும் அந்த ஒரு மோசமான எண்டும்

வில்வித்தை பழகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோர் முதலில் கேட்பது, வில் என்ன விலை என்று. அடுத்த கேள்வி, இந்திய அணிக்குப் போக எத்தனை வருஷம் ஆகும் என்று. பதில் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காவிரி டெல்டாவில் வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். பெண்கள் ரிகர்வ் பிரிவில் (நுனி வெளியே வளைந்த வில், நாணை விரலால் இழுத்து எய்வது) தமிழ்நாட்டுக்காக சீனியர் நேஷனல் ஆடியிருக்கிறேன். இந்திய அணித் தேர்வில் கடைசி எட்டுப் பேர் வரைக்கும் போனேன். அதிலிருந்து எடுத்த நால்வரில் நான் இல்லை. இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையில் இருந்துகொண்டு, காலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அணிக்குள் போனவர்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கலாம். வாசல்படி வரை போனவள் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும்.

எங்கள் பக்கத்தில் வில்லைவிடக் கிடைப்பதற்கு அரிது இடம். ரிகர்வுக்கு 70 மீட்டர் வேண்டும். தவறிப்போன அம்பு யார் மேலும் படாமல் விழ, இலக்குக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல் கிடக்கிற ஊரில் இதற்கா பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை. அப்புறம் சம்பா அல்லது தாளடி. தையில் அறுத்த பிறகாவது வயல் காலியாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெல்லுக்குள் ஈர மண்ணில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அதை எடுக்கப் பங்குனி ஆகிவிடும். மிஞ்சுவது சித்திரையும் வைகாசியும்தான். அந்த வெயிலில் காலை ஒன்பது மணிக்கு மேல் வில்லைத் தொட முடியாது.

எங்களுக்கு வழி விட்டது கஜா. 2018 நவம்பரில் அந்தப் புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி மன்னார்குடி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. மாமாவின் தோப்பிலும் பாதிக்கு மேல் போய்விட்டது. மரத்தை அப்புறப்படுத்திய பிறகு நடுவில் நீளமாக ஒரு வெட்டவெளி கிடந்தது. “கன்னு வச்சாலும் காய்க்க வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீ அடிச்சுக்க பாப்பா” என்றார் மாமா. அவருடைய நஷ்டத்தில் எனக்கு 70 மீட்டர் கிடைத்தது. அதைப் பற்றி நாங்கள் இருவருமே அதிகம் பேசியதில்லை.

இடம் பார்க்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். எய்கிறவர் வடக்குப் பார்த்து நிற்கும்படி அமையுங்கள். அப்படி நின்றால் காலையிலும் மாலையிலும் சூரியன் நேராகக் கண்ணில் விழாது. இலக்குக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு இருக்கட்டும். குளக்கரை இருந்தால் நல்லது, ஆனால் கரைக்கு மேல் நடைபாதை இருக்கக் கூடாது. மூன்றாவதாக, பக்கவாட்டில் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிடுங்கள். ஆடு மேய்ப்பவரும் டியூஷனுக்குக் குறுக்கு வழியில் போகிற பிள்ளைகளும் உங்கள் பயிற்சி நேரத்தைப் பார்த்துக்கொண்டு வரமாட்டார்கள். விசில் ஊதினால் எல்லோரும் வில்லை இறக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் கிடையாது.

இலக்கு மெத்தைக்குக் கடையில் கிடைக்கும் ஃபோம் நல்லது, விலை அதிகம். நம்மிடம் வைக்கோல் இருக்கிறது. இயந்திரம் உருட்டித் தருகிற உருளைக் கட்டு உள்ளே தளர்ந்திருக்கும், அம்பு துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். வைக்கோலைப் பிரித்து, அடுக்கு அடுக்காக மிதித்து, தென்னங்கயிற்றால் இறுக்கி நாலு பக்கமும் பலகை வைத்துக் கட்ட வேண்டும். கீழே செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கரையான் பிடிக்கும். ஐப்பசியில் தார்பாய் போட்டும் நனையும். நனைந்த வைக்கோலில் செருகிய அம்பை இழுக்கிறபோதுதான் அம்பு வளையும், தோள்பட்டையும் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்துக்காவது ஒரு ஃபோம் மெத்தை வாங்கிவிடுவது லாபம்.

தவறிய அம்பு சேற்றில் போனால் வெளியே ஒன்றுமே தெரியாது. கார்பன் அம்பாக இருந்தாலும் முனை எஃகு, அதனால் சின்ன மெட்டல் டிடெக்டர் ஒன்று வைத்திருந்தோம். நான் அதைத் தடவிக்கொண்டு வரப்பில் நடப்பதைப் பார்த்த அப்பாயி, “எய்யுறது ஒரு நாழி, தேடுறது நாலு நாழி. இதுக்கா பள்ளிக்கூடத்துல சர்டிபிகேட்டு குடுத்தாங்க?” என்று கேட்டது. கணக்கு கிட்டத்தட்ட சரிதான்.

காற்றைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்வேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று பகல் முழுக்கத் தள்ளும். சாயங்காலம் கடல்பக்கத்திலிருந்து காற்று திரும்பும். ஒரே நாளில் இரண்டு திசையிலும் எய்து பழகலாம். ரிகர்வ் அம்பு 70 மீட்டரைக் கடக்க ஒரு வினாடிக்கு மேல் எடுக்கிறது. பக்கக் காற்று அம்பைப் பத்து மதிப்பெண் வளையத்திலிருந்து எட்டுக்குத் தள்ள அந்த நேரம் தாராளம். காற்று நிற்கட்டும் என்று இழுத்த வில்லோடு காத்திருப்பது எல்லோருக்கும் வருகிற ஆசை. அதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிடும். காற்றில் இருக்கிற சேதத்தைவிடக் காத்திருப்பதில் வருகிற சேதம் அதிகம். இலக்குக்கு மேல் இருக்கிற கொடியைப் பார், எவ்வளவு தள்ளிக் குறி வைப்பது என்று இழுப்பதற்கு முன்பே முடிவு செய், பிறகு உன் வேகத்திலேயே எய். ஆடியில் பயிற்சியை நிறுத்துகிற பயிற்சியாளர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் அது.

வில்லின் விலைக்கு வருகிறேன். தேசிய அளவில் ஆடத் தகுந்த ரிகர்வ் செட் முழுவதும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். அதை முதல் வருஷம் வாங்காதீர்கள். இந்தியன் ரவுண்டு என்று நம் நாட்டிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. மூங்கில் வில், குறி பார்க்கிற சைட் கிடையாது, வில்லை ஆடாமல் வைக்கிற ஸ்டெபிலைசர் கம்பி கிடையாது. நான் அதில்தான் தொடங்கினேன், எங்கள் பள்ளிக்கூட பி.டி. வாத்தியார் கொடுத்த வில்லோடு. ரிகர்வுக்கு மாறியபோதும் கைப்பிடியான ரைசரை நல்லதாக வாங்கி, இரண்டு பக்கத்துக் கிளைகளான லிம்பை மட்டும் விலை குறைந்ததாக வைத்துக்கொண்டேன். உடம்பு வலுவாக வலுவாக லிம்பைத்தான் மாற்றப் போகிறோம். வில்லின் இழுவிசையை இரண்டு இரண்டு பவுண்டாக ஏற்ற வேண்டும். பையன்கள் ஒரே தாவலில் எட்டு பவுண்டு ஏற்றிவிட்டுத் தோளைக் கெடுத்துக்கொண்டு வருவது வருஷா வருஷம் நடக்கிறது. தினம் 400 அம்பு அடிக்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, அதில் கிளிக்கர் சத்தத்துக்குச் சரியாக விட்டது எத்தனை என்று. முழு நீளம் இழுத்ததும் ‘டிக்’ என்று அடிக்கிற அந்தச் சின்னத் தகடு பொய் சொல்லாது.

உதிரி நாண் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பெட்டியில் இருந்தால் போதாது. இரண்டையும் எய்து எய்து பழக்கி, முறுக்கும் அம்பு பொருத்துகிற இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். நம் வெயிலில் நாண் நீண்டு கொடுக்கும். காலையில் நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே இருக்கிற பிரேஸ் ஹைட்டை அளந்து எழுதுங்கள், மத்தியானம் மறுபடி அளங்கள்.

இனி தேர்வைப் பற்றி. மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

தகுதிச் சுற்றில் 72 அம்பு, 720 மதிப்பெண். ஆறு அம்பு சேர்ந்தது ஒரு எண்ட், அப்படிப் பன்னிரண்டு எண்ட். பாரிஸ் ஒலிம்பிக்கில் தென் கொரியாவின் லிம் சிஹ்யோன் 694 எடுத்தார், அது உலக சாதனை. நமக்கு அந்தக் கணக்கு இப்போதைக்கு வேண்டாம். இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பதினொரு எண்ட் 55 அடிக்கிறாள், ஒரே ஒரு எண்டில் 41. இன்னொருத்தி பன்னிரண்டு எண்டும் 54. முதலாமவள் 646, இரண்டாமவள் 648. நாள் முழுக்க மைதானத்தில் எல்லோரும் முதலாமவளைத்தான் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பட்டியலில் இரண்டாமவள்தான் மேலே இருப்பாள்.

நேருக்கு நேர் மேட்ச் வேறு மாதிரி. அங்கே மூன்று மூன்று அம்பாகச் செட் முறை. ஒரு செட்டில் எவ்வளவு மோசமாகப் போனாலும் எதிராளிக்கு 2 புள்ளி, அதோடு சரி. அடுத்த செட் புதிதாகத் தொடங்கும். ஆறு புள்ளி எடுத்தவர் வெற்றி. ஒரு தவறை மன்னிக்கிற முறை அது. ஆனால் நான் போன தேர்வுகளில் மேட்ச் வருவதற்கு முன்னால் 72 அம்புச் சுற்றுகளை அடுத்தடுத்து வைத்துக் கூட்டினார்கள், கீழே இருந்தவர்களை அனுப்பினார்கள், மிஞ்சியவர்களை ஒருவருக்கொருவர் மோதவிட்டு அதற்கும் புள்ளி போட்டார்கள். இப்படி நாட்கணக்கில் கூட்டுகிற இடத்தில் ஒரு 41 கடைசி வரை கூடவே வரும். திறமையில் என்னைவிட மேலானவர்கள் முதல் நாளே பெட்டி கட்டியதைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே ஒரு எண்டுதான் அப்படிப் போயிருக்கும்.

அதனால் என் நோட்டில் மொத்த மதிப்பெண்ணுக்கு மேலே, பெரிய எழுத்தில், அன்றைய மிகக் குறைந்த எண்டை எழுத ஆரம்பித்தேன். மாதக் கடைசியில் பார்ப்பது அதைத்தான். உச்ச மதிப்பெண் அப்படியே நின்று, அடிமட்டம் 44-லிருந்து 49-க்கு ஏறினால் அந்த மாதம் நல்ல மாதம். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் மோசமான எண்ட் எப்படி வருகிறது என்பது தெரிந்தது. முதல் அம்பு ஆறில் போகும். அது காற்றா, கையா என்று யோசிக்காமல் சைட்டை நகர்த்துவோம். அடுத்த அம்பு அந்தப் பக்கம் ஏழு. திரும்ப நகர்த்துவோம். மூன்றாவதில் கிளிக்கர் அடிக்காது, இழுத்து இழுத்துக் கடைசியில் பிடுங்கி விடுவோம். ஆக, ஒரு அம்பு தவறியதற்கு மூன்று அம்பு அபராதம்.

இதற்கு மருந்து இரண்டு. ஒரே ஒரு அம்பைப் பார்த்து சைட்டைத் தொடக் கூடாது. இரண்டாவது, சரியில்லை என்று தோன்றிய அம்பை விடாமல் வில்லை இறக்கி மறுபடி தூக்குவது. கேட்க எளிது. இழுத்த வில்லை இறக்குவதுபோல மனசுக்கு ஒவ்வாத காரியம் வேறு இல்லை. நான் பிள்ளைகளுக்கு இதைத் தனிப் பயிற்சியாகவே வைக்கிறேன்: ஒவ்வொரு எண்டிலும் ஒரு அம்பை, நன்றாக இருந்தாலும், கட்டாயம் இறக்க வேண்டும். மேட்சில் மாறி மாறி எய்யும்போது அம்புக்கு 20 வினாடிதான், இறக்கித் தூக்க ஒரு முறைதான் நேரம் இருக்கும். அதையும் அண்ணன் போனில் கடிகாரம் வைத்துக் கத்திக் கத்திப் பழக்கினான்.

டெல்டாவில் தனியாகப் பழகுகிறவர்களுக்கு இன்னொரு குறை, பக்கத்தில் ஆள் இல்லாதது. தேர்வில் தோளுக்குத் தோள் நிற்பார்கள், பக்கத்தில் இருப்பவரின் கிளிக்கர் அடிக்கும்போது நம் விரல் தானாக விடப் பார்க்கும். எங்கள் ஊரில் ஆள் கிடைக்கவில்லை, சத்தம் கிடைத்தது. மாரியம்மன் திருவிழா பத்து நாளும் குழாய் ஸ்பீக்கர் அலறும்போது மதிப்பெண் போட்டு எய்வேன். கதிர் அறுக்கும் மெஷின் பக்கத்து வயலில் ஓடினால் அன்றைக்கும் கணக்கு உண்டு. கூடவே, திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வேறு பிள்ளைகளோடு மாதத்தில் ஒரு சுற்றாவது ஆடிவிடுங்கள். ரேடியோ செட் பக்கத்து ஆளுக்கு ஈடாகாது.

காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாவட்டம், மாநிலம், நேஷனல், அப்புறம் தேர்வு என்று ஏணி. ஒவ்வொரு படியிலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. வடக்கே இருக்கிற படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். ஒன்றில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் ஒற்றை எழுத்து என்று இருந்தால் எந்த மேசையிலாவது நிறுத்துவார்கள். பத்தாம் வகுப்புக்கு முன்பே எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். சங்கங்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கிற காலமும் வரும். போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், அதன் சான்றிதழ் தேசிய சங்கத்திலும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு ஒரு கோப்பை உண்டு, சான்றிதழோடு, எதற்கும் பயன்படாமல். தேர்வு விதிமுறையும் வருஷத்துக்கு வருஷம் மாறும். சுற்றறிக்கையை ஒரு வரி விடாமல் நீங்களே படியுங்கள்.

தேர்வுக்கு அரியானாவின் சோனிபட் மாதிரி இடத்துக்கு மார்கழி, தையில் போனால் நம் உடம்புக்கு முதல் எதிரி குளிர். விரல் மரத்துவிடும், கிளிக்கர் எப்போது அடித்தது என்றே தெரியாது. இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுவது செலவுதான், ஆனால் அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் கொண்டுபோனால் வயிறு சண்டை போடாது. ரயிலில் வில் பெட்டியைப் பார்த்து போலீஸ் கேட்பார்கள், சங்கத்தின் கடிதத்தைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

மாத்திரை விஷயம் பலருக்குத் தெரியாது. படபடப்புக்கும் கைநடுக்கத்துக்கும் டாக்டர்கள் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் ப்ராப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகள் வில்வித்தையில் தடை செய்யப்பட்டவை. பெரும்பாலான விளையாட்டில் அவற்றுக்குத் தடையே இல்லை. வில்வித்தையில் போட்டி நாளில் மட்டுமல்ல, போட்டி இல்லாத நாளிலும் தடை. பரீட்சைப் பயத்துக்கு என்று வாங்கிய மாத்திரையும் இதில் சேரும். எந்த டாக்டரிடம் போனாலும் விளையாட்டு வீரர் என்று முதலில் சொல்லுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியத்தைத் தொடாதீர்கள்.

நம் கையில் இல்லாதவையும் உண்டு. 2019 ஆகஸ்டில் உலக வில்வித்தைக் கூட்டமைப்பு இந்தியச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. அந்த நவம்பரில் பாங்காக்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியில் நம்மவர்கள் இந்தியக் கொடி இல்லாமல்தான் ஆடினார்கள். 2020 ஜனவரியில் தடை நீங்கியது, மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எனக்கு மிக நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஊரடங்கில் மாட்டுக்கொட்டகையில் ஐந்து மீட்டர் தூரத்தில், இலக்குத் தாள் இல்லாத வெறும் வைக்கோலில், கண்ணை மூடிக்கொண்டு எய்துகொண்டிருந்தேன். அதில் என் இழுப்பு சீரானது உண்மை. அந்த இரண்டு வருஷம் திரும்ப வராது என்பதும் உண்மை.

வேலையைப் பற்றி அப்பாக்கள் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். ரயில்வே, ராணுவம், காவல்துறை, மாநில அரசு எல்லாவற்றிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. எந்தப் போட்டியின் எந்த இடம் கணக்கில் வரும் என்பது ஒவ்வொன்றிலும் வேறு. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதே அந்த அறிவிப்புகளைப் படித்து, பல்கலைக்கழகப் போட்டியில் ஆட வழி இருக்கிற கல்லூரியாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். இந்திய அணி கிடைக்காவிட்டால் என்ன என்ற கேள்வியை வீட்டில் பேசக்கூடாத விஷயமாக வைத்திருந்தவர்கள்தான் தேர்வில் அதிகம் தடுமாறினார்கள்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி வருகிறது: லாஸ் ஏஞ்சலஸ் 2028 ஒலிம்பிக்கில் காம்பவுண்டும் (நுனியில் கப்பி வைத்த வில்) வந்துவிட்டதே, ரிகர்வை விட்டு மாறிவிடலாமா என்று. ஆசைப்பட காரணம் இருக்கிறது. 2023-ல் பெர்லினில் அதிதி சுவாமி பதினேழு வயதில் காம்பவுண்டில் உலக சாம்பியன் ஆனார். மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் அவர் பழகியது கரும்பு வயலுக்கு நடுவே. இந்தியாவுக்காகக் காம்பவுண்டு ஆடிய ஜோதி சுரேகா விஜயவாடாக்காரர், கிருஷ்ணா டெல்டா, நம்மைப் போல நெல் விளைகிற பூமி. காம்பவுண்டுக்கு 50 மீட்டர் போதும், எங்கள் பக்கத்துப் பள்ளி மைதானங்களிலேயே அடங்கும். ஆனால் ஒலிம்பிக்கில் வந்திருப்பது கலப்பு அணி மட்டும். அதாவது ஒரு நாட்டிலிருந்து ஒரு ஆண், ஒரு பெண். ரிகர்வில் மூன்று பெண்கள் வரை போகலாம், காம்பவுண்டில் ஒருத்திதான். அதோடு காம்பவுண்டில் மேட்சிலும் செட் கிடையாது. பதினைந்து அம்பும் கூட்டல்தான், பெரிய மேட்சுகள் ஒரு புள்ளியில் முடிகின்றன. ஆகவே ஒலிம்பிக்கை நினைத்து மாறாதீர்கள். இடம் 50 மீட்டர்தான் இருக்கிறது, பிள்ளைக்கு விரலால் நாண் விடுவது ஒத்துவரவில்லை, விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்து விடுகிற ரிலீஸ் கருவியில் கை அமைதியாக இருக்கிறது என்றால் மாறுங்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் யாரிடமாவது இரவல் வாங்கி எய்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் தகுந்த இழுப்பு அளவு காம்பவுண்டில் சரியாக இருக்க வேண்டும், அதை அளக்காமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.